சட்டத்தோடு ஓர் இல்லமும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தன்வரலாற்று நூல் 1964-ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது அவர் எழுபத்தெட்டு வயதை எட்டிக் கொண்டிருந்தார். அதன்பின் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1968 ஜூலை 22-இல் மறைந்தார். தாம் பிறந்தபோது இருந்த சமூகத்தையும் தாம் விட்டுச் செல்லும் சமூகத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எல்லாத் தலைமுறையினருக்கும் கிடைப்பதில்லை. அவருடைய தலைமுறைக்கு அது கிடைத்தது.

அவர் பிறந்த 1886-ஆம் ஆண்டில் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் அரிதினும் அரிது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1901-இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட நூற்றுக்கு ஒருவர் என்ற அளவை அவர்கள் எட்டவில்லை. பூப்பெய்தும் முன்பே மணம் முடிப்பது பல குடும்பங்களில் வழக்கம். கணவனை இழந்த சிறுமி வீட்டின் ஒரு மூலையில் முடங்க வேண்டும். கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்பட்ட பெண்ணுக்குத் திருமண வாழ்க்கை இல்லை. பெண்களுக்கு வாக்குரிமை என்ற பேச்சே எழவில்லை.

அவர் கண்மூடிய ஆண்டில் இந்தியாவின் பிரதமராக ஒரு பெண் இருந்தார். வயது வந்த எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை இருந்தது. தந்தையின் சொத்தில் மகளுக்குப் பங்கு தரும் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பொட்டுக் கட்டும் வழக்கம் சட்டப்படி குற்றமாகி இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. இத்தனை மாற்றங்களும் ஒரே மனித ஆயுளுக்குள் நிகழ்ந்தவை.

இந்த மாற்றங்களைக் காலத்தின் கொடை என்று சொல்லிவிடுவது எளிது. காலம் தானாக எதையும் மாற்றுவதில்லை. சிலர் முன்னின்று மாற்றினார்கள். எப்படி மாற்றினார்கள் என்பதை அறிய முத்துலட்சுமியின் வாழ்க்கையைவிடச் சிறந்த பாடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886 ஜூலை 30-இல் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மன்னர் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபு வழி வந்த இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தத் திருமணத்தால் தந்தை தம் சுற்றத்தாரின் உறவை இழந்தார். தாய்வழி உறவினரிடையே பொட்டுக் கட்டப்பட்ட பெண்களின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை முத்துலட்சுமி சிறு வயதிலேயே அருகிருந்து கண்டார். பிற்காலத்தில் சட்டமன்றத்தில் அவர் பேசியதற்கு ஆதாரம் புத்தகங்களில் மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தது.

மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியபின் அவர் சேர விரும்பியது, ஆண்கள் மட்டுமே படித்துவந்த மன்னர் கல்லூரியில். அங்கு ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு வலுவாக இருந்தது. மாணவர்களின் பெற்றோர் சிலரும் கல்லூரி வட்டாரத்தினரும் தடை சொன்னார்கள். தாயின் குலம் அதற்கு ஒரு கூடுதல் காரணமாயிற்று. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். ஓர் ஆட்சியாளரின் ஒரே ஆணையில் ஒரு கதவு திறந்தது. ஆனால் அந்தக் கதவு தமக்கு மட்டுமே திறந்தது என்பதை அந்தப் பெண் உணர்ந்திருந்தார். அவரது பிற்கால முயற்சிகள் யாவும், ஒருவருக்குச் சலுகையாகக் கிடைத்ததைப் பலருக்கு உரிமையாக்கும் முயற்சிகளாகவே அமைந்தன.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவரும் ஒருவர். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் பணிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதை முன்கூட்டியே நிபந்தனையாக வைத்தார். அவர் இசைந்தார், வாழ்நாள் முழுவதும் அதன்படியே நடந்தும் காட்டினார். பொதுவாழ்வில் ஈடுபடும் ஆணுக்கு வீட்டில் மனைவியின் துணை தானாகக் கிடைத்துவிடுகிறது. பெண்ணுக்கு அது ஒப்பந்தம் செய்து பெற வேண்டியதாக இருந்தது. இரண்டு ஆண் குழந்தைகளின் தாயாகவும், நோயாளிகள் தேடிவரும் மருத்துவராகவும் இருந்தபடியே அவர் பொதுப்பணிக்கு வந்தார்.

அவர் தனித்து வரவில்லை என்பது முக்கியம். 1917-இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம், அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் போன்றோரின் முன்முயற்சியில் பெண்களை ஓர் அமைப்பாகத் திரட்டியது. அதே 1886-இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி, சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். 1911-இல் பட்டம் பெற்றார். அதன்பின் தம்மைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்து, தங்க இடமும் படிக்கப் பள்ளியும் ஏற்படுத்தினார். சென்னைக் கடற்கரையோரம் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்தப் பெண்கள் தங்கிப் படித்தார்கள். அவர்களில் பலர் ஆசிரியைகளானார்கள். மறுபுறம், பொட்டுக் கட்டும் கொடுமையை அதன் உள்ளிருந்தே எதிர்த்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவர் எழுதிய தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்னும் நாவல் 1936-இல் வெளிவந்தது.

தேசிய இயக்கம், பிரம்மஞான சபை, சுயமரியாதை இயக்கம் என்று இவர்கள் நின்ற இடங்கள் வேறு வேறு. ஒருவரோடு ஒருவர் முரண்பட்டும் இருக்கிறார்கள். எனினும் பெண்ணின் நிலை மாற வேண்டும் என்பதில் அவர்களுக்குள் வேற்றுமை இல்லை.

1921-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம், வாக்களிப்பதற்குப் பெண் என்பது தடையாகாது என்று தீர்மானித்தது. இந்தியாவிலேயே இதில் முன்னணியில் நின்றது சென்னைதான். ஆனால் அன்றைய வாக்குரிமை சொத்தை அடிப்படையாகக் கொண்டது. சொத்தே இல்லாதவர்களுக்கு அந்தத் தீர்மானத்தால் கிடைத்தது கொஞ்சம்தான். 1926-இல் பெண்கள் சட்டமன்ற உறுப்பினராகவும் வழி பிறந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய போட்டியிட்டுச் சொற்ப வாக்குகளில் தோற்றார். முத்துலட்சுமி நியமன உறுப்பினராகச் சட்டமன்றத்துக்குள் வந்தார். உறுப்பினர்கள் அவரை அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவியை வகித்த முதல் இந்தியப் பெண் அவரே.

அங்கு அவர் இருந்தது சுமார் மூன்றரை ஆண்டுகள் மட்டுமே. அந்தக் குறுகிய காலத்தில் பெண் கல்வி, திருமண வயது, குழந்தைகளுக்கான மருத்துவம் என்று அவர் எழுப்பாத பிரச்சினை இல்லை. நாடு தழுவிய அளவில் 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்று நிர்ணயித்தபோது, அதற்காகச் சென்னையில் ஆதரவு திரட்டியவர்களில் அவர் முதன்மையானவர்.

எனினும் அவருடைய பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பது தேவதாசி முறை ஒழிப்பே. 1927-இல் அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொருளாதாரம் பயின்ற எனக்கு, அந்தப் போராட்டத்தின் அடுத்த கட்டமே மிகவும் சிந்திக்கத்தக்கதாகத் தோன்றுகிறது. பொட்டுக் கட்டப்பட்ட பெண்களில் பலருக்குக் கோயில் மானிய நிலம் உண்டு. கோயிலில் பணி செய்யும் வரைதான் அந்த நிலத்தை அனுபவிக்க முடியும். பணியை விட்டால் நிலம் போய்விடும். ஆகவே ஒரு குடும்பம் தன் அடுத்த தலைமுறைப் பெண்ணையும் பொட்டுக் கட்டி விடுவதற்குப் பக்தி மட்டுமே காரணமாக இருக்கவில்லை. நிலத்தைக் காப்பாற்றிக் கொள்ளும் கட்டாயமும் அதில் இருந்தது.

1929-இல் அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. மானிய நிலத்தை வைத்திருந்த பெண்ணைக் கோயில் பணி செய்ய வேண்டிய கடமையிலிருந்து அது விடுவித்தது; நிலத்தை அவரிடமே விட்டது. வழக்கத்தைக் கைவிடுபவர் வாழ்வாதாரத்தையும் இழக்க வேண்டும் என்ற நிலை அதனால் மாறியது. ஒழுக்கத்தைப் பற்றி உரத்துப் பேசியவர்கள் அன்று பலர். வயிற்றுப்பாட்டைப் பற்றியும் சேர்த்து யோசித்தவர்கள் சிலரே.

பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை 1930-இல் முன்வைத்தார். அதற்குள் உப்புச் சத்தியாகிரகம் தொடங்கி, காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி தம் உறுப்பினர் பதவியைத் துறந்தார். தாம் உயிராக நினைத்த மசோதா நிலுவையில் இருக்கும்போதே பதவியை விட்டு விலகுவது எளிய முடிவாக இருந்திருக்காது. அந்த மசோதா சட்டமாவதற்கு மேலும் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. நாடு விடுதலை பெற்றபின், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த 1947-இன் இறுதியில்தான் அது நிறைவேறியது.

எதிர்ப்பு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. மரபைக் காரணம் காட்டி எதிர்த்தோர் ஒரு சாரார். தீரர் சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவர்களும் அன்று இந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. மறு சாரார், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த கலைஞர்களே. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர், இசையும் நடனமும் தங்கள் பரம்பரைச் செல்வம், சொத்துரிமையும் கல்வியும் பெற்ற பெண்கள் தங்களிடையே உண்டு, எல்லோரையும் ஒரே கோலால் அளந்து இழிவுபடுத்தக் கூடாது என்று வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

பின்னர் நடந்ததை வரலாறு பதிவு செய்திருக்கிறது. சதிர் என்று அழைக்கப்பட்ட ஆடல், பரதநாட்டியம் என்ற பெயரில் சபா மேடைகளை அடைந்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பத்துப் பெண்களில் பெரும்பாலோர் அந்த மேடைகளில் இல்லை. பாலசரஸ்வதி போன்ற சிலரே விதிவிலக்கு. கலைக்கு மதிப்புக் கிடைத்தது. அதைக் காத்தவர்களுக்குப் பிழைப்புப் போனது. எந்தச் சீர்திருத்தத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கொடுக்க இயலாதவர்களாகவே இருக்கிறார்கள்.

முத்துலட்சுமி இந்த விலையை அறியாதவர் அல்லர். 1930-இல் தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய இளம்பெண்கள் சிலர் புகலிடம் தேடி அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நகரில் இருந்த மாணவியர் விடுதிகள், பிறப்பைக் காரணம் காட்டி அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துத் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். சாதி கேட்காமல் ஆதரவற்ற பெண்களை ஏற்றுக்கொண்ட அந்த இல்லம் பின்னர் அடையாற்றுக்கு மாறிப் பள்ளியாகவும் வளர்ந்தது. அங்கு வளர்ந்த பெண்கள் படித்து வேலைக்குச் சென்று சொந்தக் காலில் நின்றார்கள்.

அவர் வாழ்க்கையின் மையம் இதுதான் என்று கருதுகிறேன். சட்டம் ஒரு பெண்ணைப் பழைய வீட்டிலிருந்து வெளியே வரச் சொல்கிறது. வெளியே வந்தவள் அன்றிரவு எங்கே உறங்குவாள், நாளை எதைக் கொண்டு உண்பாள், அடுத்த ஆண்டு எங்கே படிப்பாள் என்பதைச் சட்டம் சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கு ஓர் இல்லமும் ஒரு பள்ளியும் ஒரு வேலையும் தேவை. முத்துலட்சுமி சட்டம் நிறைவேறும்வரை காத்திருக்கவில்லை. சட்டம் வருவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பாகவே இல்லத்தைத் திறந்துவிட்டார். அவ்வை இல்லத்தால் எல்லோருக்கும் இடம் தந்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் வழி இன்னதென்று அது காட்டியது.

அவர் எழுப்பிய மற்றொரு நிறுவனத்துக்கும் தோற்றுவாய் வீட்டுத் துயரமே. அவருடைய தங்கை 1923-இல் இளம் வயதிலேயே புற்றுநோய்க்குப் பலியானார். நோய் இன்னதென்று கண்டறிவதற்கே காலதாமதம் ஆகிவிட்டது. தாமே மருத்துவராக இருந்தும் காப்பாற்ற இயலாமற்போன அந்த மரணம் அவரை விட்டு அகலவில்லை. 1925-இல் மேற்பயிற்சிக்காக லண்டன் சென்றபோது அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையின் பணிகளைக் கவனித்துக் கற்றார். சென்னையிலும் அத்தகைய மருத்துவமனை வேண்டும் என்று 1930-களின் நடுப்பகுதியிலேயே பேசத் தொடங்கினார்.

புற்றுநோய் என்றாலே மரணம் என்று எண்ணிய காலம் அது. குணமாகாத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் ஆட்சியாளரிடமும் இருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். மருத்துவரான மகன் கிருஷ்ணமூர்த்தி உடன் நின்றார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளோடு திறக்கப்பட்டது. மறு ஆண்டே டாக்டர் வி.சாந்தா அங்கு பணியில் சேர்ந்தார்; 2021-இல் மறையும் வரை அந்த மருத்துவமனையே அவரது உலகமாக இருந்தது. கனவு கண்டவர் இல்லாதபோதும் கனவு தொடர வேண்டுமானால் அதை ஏற்று நடத்தும் கைகளை முன்கூட்டியே உருவாக்கியிருக்க வேண்டும். முத்துலட்சுமி அதையும் செய்திருந்தார்.

மருத்துவமனை தொடங்கியபோது அவருக்கு வயது அறுபத்தேழு. இன்று அந்த வயதில் ஓய்வூதியம் பெற்று, நடைப்பயிற்சிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நேரத்தைப் பகிர்ந்தளிக்கும் என்னைப் போன்றோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1956-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

எங்கள் தலைமுறை விடுதலைக்குப் பின் பிறந்தது. மேற்சொன்னவர்கள் திறந்துவைத்த வாசல்கள் வழியே உள்ளே வந்தவர்கள் நாங்கள். எங்கள் வகுப்பறைகளில் பெண்கள் அமர்ந்திருந்தது எங்களுக்கு வியப்பளிக்கவில்லை. அந்த வியப்பின்மையே முந்தைய தலைமுறையின் வெற்றி. அதன்மேல் எங்கள் காலத்திலும் சில அடுக்குகள் எழும்பின. 1989-இல் தமிழ்நாடு, பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான உரிமையைச் சட்டமாக்கியது. நாடு முழுவதற்கும் அது 2005-இல்தான் வந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 73 சதவீதம். இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஐந்தில் இருவர் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்.

ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டத்தோடு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் இணைந்திருக்கிறது. அந்த இருவரும் தம் நாளில் சொந்தக் கையிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் செய்ததை இன்று அரசுக் கருவூலம் செய்கிறது. இது பெருமைப்படத் தக்க வளர்ச்சி.

ஆயினும் கணக்கு இன்னும் நேராகவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இருபது முதல் இருபத்து நான்கு வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 23 சதவீதம் பேர் பதினெட்டு வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 13 சதவீதம். சாரதா சட்டம் வந்து தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய நிலவரம் இது. பட்டம் பெற்ற பெண்கள் பெருகியிருக்கிறார்கள். அந்தப் பட்டத்துக்கேற்ற வேலையில் நிலைத்திருப்போர் அந்த அளவுக்குப் பெருகவில்லை. திருமணத்தோடும் முதல் குழந்தையோடும் வேலையை விடும் பெண்களை ஒவ்வொரு குடும்பத்திலும் காண்கிறோம். அவர்களை வேலைக்குப் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. குழந்தையை நம்பி விட்டுச் செல்ல அருகில் ஒரு காப்பகம் இல்லை. வெளியூரில் வேலை கிடைத்தால் கட்டுப்படியாகும் வாடகையில் பாதுகாப்பான விடுதி இல்லை. சட்டம் இருக்கிறது, இல்லம் இல்லை.

நாம் இன்று உரிமைகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் ஓர் உரிமையைப் பயன்படுத்த முற்படும் எளிய மனிதருக்கு உடனடியாக என்ன தேவைப்படும் என்று கேட்டு அதைக் கட்டியெழுப்பும் பழக்கம் நம்மிடையே குறைந்து வருகிறது. அது அரசின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். முத்துலட்சுமியின் தலைமுறைக்கு அந்நிய அரசுதான் இருந்தது; கேட்டுப் பெற முடிந்தது மிகக் குறைவு. அதனால் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். தாங்களே கட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

அடையாற்றில் அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் ஒன்றுக்கொன்று அதிக தொலைவில் இல்லை. முதலாவதில் இன்றும் சிறுமிகள் படிக்கிறார்கள். இரண்டாவதில் தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வரும் ஏழை நோயாளிகள் சிகிச்சை பெறுகிறார்கள். அவர்களில் பலருக்கு முத்துலட்சுமி யார் என்று தெரிந்திருக்காது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

அறுபதைக் கடந்த நாம், நம் காலத்தில் நிகழ்ந்த மாற்றங்களைச் சொல்லிப் பெருமிதம் கொள்வதில் தவறில்லை. அவற்றோடு, பெயர் தெரியாத ஒருவருக்கு நாளையும் பயன்படக்கூடிய எதை எழுப்பினோம் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பணிக்காலம் முடிந்தாலும் அதற்கான காலம் முடிந்துவிடவில்லை என்பதை அறுபத்தேழு வயதில் ஒரு மருத்துவமனையைத் திறந்தவர் காட்டிச் சென்றிருக்கிறார்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).